லூக்கன்கெம்பர் ஓடும் நாட்களில்

2017 ஆகஸ்ட் 5
லண்டன் உலகத் தடகளப் போட்டி. பெண்கள் 100 மீட்டர் ஹீட்டில், அதாவது முதல் சுற்றில், ஜீனா லூக்கன்கெம்பர் 10.95. 1991க்குப் பிறகு 11 நொடிக்குள் ஓடிய முதல் ஜெர்மன் பெண். வயது 20. போன வருடம் ஆம்ஸ்டர்டாம் ஐரோப்பியப் போட்டியில் 200 மீட்டர் வெண்கலம் வாங்கியவர். தொடக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. பாதித் தூரம் கடந்த பிறகுதான் ஆட்டமே.

2017 ஆகஸ்ட் 7
அரையிறுதியிலேயே வெளியேறிவிட்டார். இறுதியில் நெதர்லாந்தின் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் 10.96இல் வெண்கலம் வாங்கினார். ஹீட்டில் ஓடிய அந்த 10.95ஐ இறுதிவரை பத்திரமாக வைத்திருக்க முடிந்திருந்தால்! கணக்கு நமக்கு எளிது, அவருக்கல்லவா கால் வலிக்கும்.

2018 ஆகஸ்ட் 8
பெர்லின் ஐரோப்பியப் போட்டி, வெள்ளி. அரையிறுதியில் 10.98, இறுதியிலும் 10.98. போன வருடம் நழுவியது இதுதான்: ஒரே நாளில் இரண்டு முறை 11 நொடிக்குள். பிரிட்டனின் டினா ஆஷர்-ஸ்மித் 10.85இல் தனியாகப் போய்விட்டார், அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. 10.99இல் வந்த ஸ்கிப்பர்ஸுக்கு இந்த முறை மூன்றாமிடம்.

அப்புறம் அந்த பேட்டரி கதை. லூக்கன்கெம்பர் ஓடுவதற்கு முன் 9 வோல்ட் பேட்டரியை நக்குவாராம், நரம்புகள் விழித்துக்கொள்ள. பலன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதைக் கூச்சமில்லாமல் வெளியே சொல்கிற ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

2022 ஜூலை 24
காலையில் யூஜீன் உலகப் போட்டி. 4x100 ரிலேயில் ஜெர்மனி வெண்கலம், 42.03. பின்டோ, புர்கார்ட், லூக்கன்கெம்பர், ஹாசே. இந்த அலெக்ஸாண்ட்ரா புர்கார்ட் இதே வருடம் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டியைத் தள்ளி வெள்ளி வாங்கியவர்.

2022 ஆகஸ்ட் 17
தூக்கம் போனது, பரவாயில்லை. மியூனிக்கில் லூக்கன்கெம்பர் ஐரோப்பிய சாம்பியன்! அவருக்கு 10.99, சுவிட்சர்லாந்தின் முஜிங்கா கம்புன்ஜிக்கும் 10.99. ஆயிரத்தில் ஐந்து நொடி வித்தியாசம். டேரில் நீட்டா 11.00. ஆஷர்-ஸ்மித்துக்கு நடுவழியில் தசைப்பிடிப்பு, கடைசியாக வந்து சேர்ந்தார்.

கடைசி சில மீட்டர்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கம்புன்ஜிதான் வெல்வார் என்று தோன்றும். கோட்டுக்கு முன்னால் லூக்கன்கெம்பர் உடம்பை அப்படியே முன்னால் எறிகிறார். கோட்டைத் தாண்டியதும் விழுகிறார், அவருடைய ஸ்பைக்ஸே (ஆணி வைத்த ஓட்டக் காலணி) முழங்காலைக் கிழித்துவிட்டது. மருத்துவமனையில் எட்டுத் தையல். 100 மீட்டரில் மார்பை எப்போது சாய்ப்பது என்பதுதான் பெரிய கலை. சீக்கிரம் சாய்ந்தால் வேகம் குறையும், தாமதித்தால் பலனில்லை. நேற்று அவர் சாய்ந்தது மிகச் சரியான இடத்தில். விழாமல் இருக்க நினைத்திருந்தால் வெள்ளிதான்.

2022 ஆகஸ்ட் 22
தையல் போட்ட முழங்காலோடு ரிலேயிலும் ஓடித் தங்கம், 42.34. ஓடவிட்டிருக்க வேண்டுமா என்று இன்னும் தெளிவில்லை எனக்கு. வென்றதால் யாரும் கேட்கவில்லை. 1972 ஒலிம்பிக்கில் இதே மைதானத்தில், இதே ரிலேயில், ஹைடே ரோசன்டால் கடைசி ஓட்டத்தில் கிழக்கு ஜெர்மனியின் ரெனாட்டே ஸ்டெஷரை முந்தவிடாமல் மேற்கு ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ரோசன்டால் நீளம் தாண்டுபவர். ஸ்டெஷரோ அந்த ஒலிம்பிக்கில் 100, 200 இரண்டையும் வென்றவர்!

2024 ஆகஸ்ட் 10
பாரிஸ். தனி 100 மீட்டரில் வழக்கம்போல அரையிறுதியோடு சரி. உலகப் போட்டி, ஒலிம்பிக் எதிலும் இதுவரை 100 மீட்டர் இறுதிக்கு அவர் போனதில்லை. இதைச் சொல்லி அவரை மட்டம் தட்டுபவர்கள் நேற்று இரவு ரிலே பார்த்தார்களா? மழை ஈரத்தில் அமெரிக்கா 41.78, பிரிட்டன் 41.85, ஜெர்மனி 41.97. வெண்கலம். மூன்றாவது ஓட்டம் இவருடையது. பெண்கள் 4x100இல் கிழக்கு ஜெர்மனி 1988இல் வெள்ளி வாங்கிய பிறகு ஜெர்மானியர்களுக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடையாது. 2016 ரியோவில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்ட அணியில் மாயர், லூக்கன்கெம்பர், ஹாசே மூவரும் இருந்தார்கள். அதே மூவர்தான் நேற்றும் ஓடினார்கள், புர்கார்ட் தொடங்கிவைக்க.