பெர்மிட் மேசை: செப்டம்பர் நாட்குறிப்பு

8 செப்டம்பர் 2025, திங்கள்

சிங்கப்பூருக்குள் வரும் சரக்குக்குச் சுங்க அனுமதி, அதாவது பெர்மிட், எடுத்துத் தருவது என் வேலை. இங்கே தேக்காவில் பூஜைப் பொருள் கடை வைத்திருப்பவருக்குச் சென்னையிலிருந்து சரக்கு வருகிறது. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சேர்த்து வரவழைக்கிறார். இன்வாய்ஸைத் திறந்தால் ஒரே வரி: பூஜை சாமான்கள், 140 பெட்டி. இதை வைத்து எப்படிப் பெர்மிட் போடுவது? சுங்கத்துறையின் பட்டியலில் பூஜை சாமான் என்று ஒரு பொருளே கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும், அது எந்த வகை என்று காட்டும் எட்டு இலக்க எச்எஸ் கோட் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது, மிச்சம் இரண்டும் ஆசியான் நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

கடைக்காரரிடம் சொல்லி ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பித்தளைக் குத்துவிளக்கின் கோட் 9405 என்று தொடங்கும், மின்சாரம் இல்லாத விளக்குகளோடு போகும். அதே பட்டறையில் அதே பித்தளையில் வார்த்த பிள்ளையார் 8306, சிலைகளும் அலங்காரப் பொருள்களும் இருக்கும் இடம். ஊதுபத்தி 3307. அப்புறம் கற்பூரம். அது பட்டியலின் 29ஆம் அத்தியாயத்தில், கரிம வேதிப்பொருள்களோடு உட்கார்ந்திருக்கிறது. கோட் மட்டும் என்றால் கவலையில்லை, கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள், கப்பல்காரர்கள் கணக்கில் 4.1 வகை ஆபத்துச் சரக்கு. அதைச் சொல்லாமல் விளக்கோடும் ஊதுபத்தியோடும் ஒரே கொள்கலனில் அடைத்து அனுப்ப இருந்தார்கள். நல்லவேளை, சரக்கு இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது. கற்பூரப் பெட்டிகளை எடுத்துவிடுங்கள், உரிய தாள்களோடு தனியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலில் கொலுவுக்கான மரப்பாச்சியும் இருந்தது. என்ன மரம் என்று கேட்டேன். கடைக்காரருக்குச் சலிப்பு, "பொம்மைக்கு எதுக்கு அக்கா இவ்வளவு கேள்வி?" என்றார். மரப்பாச்சியைச் செம்மரத்திலும் செய்வார்கள், செம்மரமோ அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கிறது. அப்படியென்றால் முதலில் அதற்கு அனுமதி தரும் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்க வேண்டும். சாயம் பூசிய சாதாரண மரம்தான் என்று மாலையில் எழுத்தில் பதில் வந்த பிறகே அந்த வரியை நிரப்பினேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

அண்ணன் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. வேலையிடப் பயிற்சிக்கு, மற்றவர்களின் சரக்கை அனுப்பி எடுக்கும் ஏற்பாடுகளைச் செய்கிற ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில், பெர்மிட் பிரிவிலேயே இடம் கிடைத்திருக்கிறது. "அத்தை, இன்வாய்ஸைக் காட்டினா சாப்ட்வேரே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிடுதாமே, இந்த வேலை நிலைக்குமா?" என்று கேட்கிறாள்.

நியாயமான கேள்வி. எங்கள் பழைய மேலாளர் சொல்வார், கணினிவழிப் பெர்மிட் முறையான டிரேட்நெட் வருவதற்கு முன்னால் ஒரு சரக்குக்குப் பல படிவங்களைத் தட்டச்சு செய்து, அவற்றைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக ஏறி இறங்கி, ஒப்புதல் கைக்கு வர நாள்கணக்கில் ஆகுமாம். 1989 ஜனவரியில் டிரேட்நெட் வந்தது, நாடு முழுவதற்கும் ஒரே மின்னியல் வாசல் என்பதில் உலகத்துக்கே அதுதான் முதல். இன்று பெரும்பாலான பெர்மிட்டுகள் பத்து நிமிடத்தில் வந்துவிடுகின்றன. தாள் தூக்கி ஓடிய வேலை போயே போய்விட்டது. ஆனால் இது என்ன பொருள், என்ன விலை, எந்த நாட்டில் செய்தது, யாருடைய அனுமதி வேண்டும் என்று முடிவெடுக்கிற வேலை அன்றும் ஒரு மனிதரிடம்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான். நேற்றைய இன்வாய்ஸை எந்த சாப்ட்வேரிடம் கொடுத்தாலும் பூஜை சாமான்கள், 140 பெட்டி என்று சுத்தமாக எடுத்துப் போட்டிருக்கும். உள்ளே கற்பூரம் இருக்கிறதா என்று அது கேட்டிருக்காது.

11 செப்டம்பர், வியாழன்

கடைக்காரர் மறுபடி அழைத்தார். சரக்கின் விலை 22,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கப்பல் கட்டணமும் காப்புறுதியும் 1,500. சிங்கப்பூரில் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் இந்த நான்குக்குத்தான் சுங்கத் தீர்வை. மற்றதற்கெல்லாம் 9 விழுக்காடு பொருள் சேவை வரி மட்டும், அதுவும் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு. ஆக 23,500க்கு 2,115 வெள்ளி. அவருக்கு அது கசக்கிறது. "12,000ன்னு வேற இன்வாய்ஸ் அனுப்பச் சொல்றேன், அதை வச்சுப் போடுங்களேன்" என்றார்.

முடியாது என்றேன். கோபித்துக்கொண்டார். எனக்கும் கோபம்தான். மிச்சமாவது 900 வெள்ளி. தவறான அறிவிப்புக்கு 10,000 வெள்ளி வரையோ செலுத்த வேண்டிய வரியின் அளவுக்கோ, எது அதிகமோ அதுவரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பெர்மிட்டில் டிக்ளரண்ட், அதாவது அறிவிப்பவர், என்ற இடத்தில் இருப்பது என் பெயர். இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அவர் கடை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த கடை. இறக்குமதியில் கட்டுகிற வரியை அடுத்த கணக்கில் திரும்பக் கோரலாம், அதற்கு ஆதாரமே இந்தப் பெர்மிட்தான். எப்படியும் திரும்பி வரப்போகிற காசுக்காகப் பொய்த்தாள் தயார் செய்யச் சொல்கிறார். பொறுமையாக உட்கார்ந்து எழுதி விளக்கி அனுப்பினேன். மதியம் அசல் இன்வாய்ஸ் வந்தது, ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியில்.

14 செப்டம்பர், ஞாயிறு

அண்ணன் மகளுக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் இங்கேயும் போடுகிறேன்.

அமெரிக்காவில் சுங்கத் தரகர் ஆகவேண்டும் என்றால் அந்நாட்டுச் சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும், இந்தியாவிலும் உரிமத்துக்குத் தேர்வு உண்டு. இங்கே முறை வேறு. நிறுவனம் அறிவிப்பு முகவராகச் சுங்கத்துறையில் பதிவு செய்துகொள்ளும், அதன்கீழ் நாம் டிக்ளரண்டாகப் பதிவு செய்கிறோம். சுங்கத்துறையே நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன, முதல் வேலையாக அதில் சேர்ந்துவிட வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கட்டங்களை நிரப்புவதோடு நின்றுவிடுகிறவருக்கு அது ஏறுவதும் கடினம், அந்த வேலையைத்தான் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது.

இங்கே கட்டிவரும் துவாஸ் துறைமுகம் 2040களில் முழுமையடையும்போது, இருபது அடிப் பெட்டிக் கணக்கில், ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாள முடியும் என்பதைக் காட்டி, வேலை கொட்டிக் கிடக்கும் என்கிறார்கள். நான் அப்படிக் கணக்குப் போடமாட்டேன், இங்கே இறங்குகிற பெட்டிகளில் பெரும்பகுதி வேறு கப்பலுக்கு மாறிப் போகிறவை. எனக்கு நம்பிக்கை தருவது வேறு. 2025 ஏப்ரல் 5 முதல் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி போட்டது, 2004லிருந்தே தடையற்ற வர்த்தக உடன்பாடு இருந்தும். அன்றிலிருந்து ஏற்றுமதி செய்கிறவர்கள், இதற்கு முன் ஒரு கேள்வியும் கேட்காதவர்கள்கூட, எங்கள் பொருளுக்கு எந்தக் கோட், எந்த நாட்டில் செய்ததாகக் கணக்கு என்று தினமும் கேட்கிறார்கள். 2028 ஜனவரியில் எச்எஸ் பட்டியலே புதிதாக மாறுகிறது, ஒவ்வொரு நிறுவனமும் தன் பொருள்களை மறுபடி சரிபார்த்தாக வேண்டும். இதற்கெல்லாம் பொருள் தெரிந்த ஆள் வேண்டும். ஃபார்வர்டரிடம் சில ஆண்டு எல்லா வகைச் சரக்கையும் பார்த்துவிட்டு, அப்புறம் இறக்குமதி செய்கிற நிறுவனத்திலேயே சுங்க விதிகளைக் கவனிக்கும் பொறுப்புக்குப் போகலாம். சம்பளமும் மரியாதையும் அங்கே கூடுதல்.

18 செப்டம்பர், வியாழன்

கப்பல் பாசிர் பாஞ்சாங்குக்கு வந்துவிட்டது, பெர்மிட் முன்பே தயார். கற்பூரம் அடுத்த வாரம் தனியாக வரும். தாள்களை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்கும்படி கடைக்காரருக்கு நினைவூட்டினேன். கொலு ஆரம்பிப்பதற்குள் பொம்மைகள் கடைக்குப் போய்விடும்.

20 செப்டம்பர், சனி

அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மசாலா அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகக் கையில் கொடுத்து, கோட் கண்டுபிடிக்கச் சொன்னேன். மஞ்சள்தூளைச் சட்டென்று சொல்லிவிட்டாள். அப்பளத்தில் திணறினாள், பருப்பு அத்தியாயத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அது ரொட்டி, பிஸ்கட்டோடு 1905இல் இருக்கிறது என்று காட்டியதும், ஏன் அப்படி என்று கேட்டு, அந்தத் தலைப்பின் விளக்கக் குறிப்பைத் தானே எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். சாம்பார்ப்பொடிக்கு வந்தபோது பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அவளாகவே பார்த்தாள்.

பயிற்சியில் சனிக்கிழமையும் வேலை இருக்குமா என்று கேட்டாள். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இருக்கும் என்றேன்.