ஹவுஸ் ஓனரம்மா நடிச்ச ஒரே டேக்

போன ஞாயித்துக்கெழமை பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு மொட்டை மாடில வெப்சீரிஸ் ஷூட்டிங். பெருசா நெனச்சுக்காதீங்க, ஒரு போனு, ஒரு ஸ்டாண்டு, லைட்டுக்கு தெர்மாகோல் அட்டை, அவ்ளோதான். ஆளுங்க நாலு பேரு. நானும் என் ஆளு இவனும், எங்க தோழி ஒருத்தி (டைரக்டர் அவதான், மாப்பிள்ளை வீட்லேருந்து பாக்க வர்றாங்கன்னா உடனே நைட் ஷிப்ட் போட்டுக்கிறவ), அப்புறம் திருநங்கை அக்கா ஒருத்தங்க. எங்கள மாதிரி ஆளுங்க மெட்ராஸ்ல குப்ப கொட்ற காமெடிதான் கதை.

மொத எபிசோடு வீடு தேடுறது. அதுல நமக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, ஆணும் ஆணும் சேந்தா குத்தம்னு சொன்ன ஐபிசி 377ம் பிரிவுல எங்க மேல இருந்த குத்தத்த நீக்கிருச்சு, சரி, ஆனா ஹவுஸ் ஓனர் "ரெண்டு பேரும் இன்னா ஒறவு"ன்னு கேட்டா தீர்ப்பையா நீட்ட முடியும், அத்தை பையன்னு சொல்லித்தான் மூணு வருஷமா இந்த வீட்ல ஓட்டிட்டிருக்கோம். மயிலாப்பூர் பக்கம் ஒறவு வரைக்கும் கூட போகல, மீன் சாப்பிடுவீங்களான்னு கேட்டாங்க, ஆமான்னோம், கதவ சாத்திட்டாங்க.

ஓனர் வேஷம் அக்காவுக்கு. அவங்க கண்ண உருட்டி "எங்க குடும்ப மானம் என்னாவுறது"ன்னு வசனம் பேசிட்டிருக்கும்போது நெசமான ஓனரம்மா மேல வந்துட்டாங்க, காயப்போட்ட நெத்திலியத் திருப்பிப் போட. இடுப்புல கைய வச்சு ரெண்டு நிமிஷம் பாத்தாங்க.

"இன்னாமே இது, ஓனர்னா இப்டியா பேசுவா? மொதல்ல 10 மாச அட்வான்ஸ் சொல்லு, அப்பால மோட்டார் காலைல ஒரு தபாதான்னு சொல்லு, மானமெல்லாம் அப்பால. நவுரு."

அக்கா நவுந்துட்டாங்க. யாரு எதுத்துப் பேசுறது.

இப்ப சீன்ல நான் உண்மைய சொல்லணும். கோர்ட்டு சொல்லி 2022ல கவர்மென்ட்டு கெஜட்டுல எங்கள மாதிரி ஆளுங்கள சொல்ல மரியாதையான வார்த்தைங்க பட்டியல் போட்டாங்கல்ல, அத கைல வச்சுகிட்டு டயலாக்குல கொச்சையே வரக்கூடாதுன்னு டைரக்டர் அடம். எனக்கு வேர்த்து ஊத்துது, கேமரா ஓடுது, நிஜ ஓனர் முன்னாடி நிக்கிறாங்க.

"அம்மா, நாங்க தன்பால் ஈர்ப்பாளர்கள்."

"தனிப் பாலா? பாலெல்லாம் நான் வாங்கித் தர்றதில்ல, ஆவின் பூத்து முக்குலயே கீது."

தெர்மாகோல் கீழ விழுந்துச்சு. அக்கா தண்ணி டேங்க்க புடிச்சுகிட்டு சிரிக்கிறாங்க. நான் மானத்த காப்பாத்திக்க, அது வேறம்மா, அதாவது நாங்க ரெண்டு பேரும் ஜோடின்னு ஒளறிட்டேன். சொன்னப்புறம்தான் இது டயலாக்கா வாழ்க்கையான்னு எனக்கே டவுட்டு. இவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு, மனசுல பாத்திரம் பண்டமெல்லாம் பேக் பண்ணிட்டான்னு நெனைக்கிறேன்.

ஓனரம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க.

"அத்த பையன்னுதான சொன்ன? முறதான வருது, இன்னா இப்போ?"

அத்தோட ஒரு காக்கா நெத்திலிய கவ்விட்டுப் போயிருச்சு, அவங்க காக்காவோட வம்சத்தையே இழுத்து விட்ட டோஸ்ல மிச்ச டேக் பூரா பீப் போடணும். கீழ எறங்கும்போது திரும்பி, கருவாட்டுக்கு 200 ரூபா வாடகையோட சேத்துக் குடுத்துடுன்னாங்க.