செவலையின் கால்

கேரட் பாத்திக்குக் கட்டியிருந்த நைலான் வலையில் எங்கள் செவலைக் கோழி சிக்கிக்கொண்டு, இழுத்த இழுப்பில் கால் எலும்பு முறிந்துவிட்டது. கோத்தகிரியில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "குழம்பு வச்சிடுங்க." அம்மா மட்டும் பேசாமல் துண்டை எடுத்து வந்தார்.

கோழியைத் துண்டில் சுற்றித் தூக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. அதற்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. அதன் கால் விரலை மெல்லக் கிள்ளினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பாதத்தில் சூடு இருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரவில்லை. அதன்பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கால்நடை மருத்துவர் பஞ்சு சுற்றி, ஐஸ் குச்சிகளை அணை கொடுத்துக் கட்டினார். வலிக்கு மெலாக்சிகாம், எடை பார்த்துச் சில சொட்டு. மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டையிட்டால் தின்ன வேண்டாம் என்றார். வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாடுகளின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மிச்சமிருப்பவற்றில் சில நம் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில்தான் வாழ்கின்றன.

கட்டுப் போடுவது கொஞ்ச நேர வேலை. பிழைக்க வைப்பது அதற்குப் பின்னால் பார்க்கிற பார்வைதான். கோழியின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டியது. அடிபட்டு இரையெடுக்காமல் கிடப்பதற்கு மார்கழிப் பனி தாங்காது. நம் ஊர் வழக்கப்படி நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை நமக்கே ஆபத்து, பறவைக்குச் சீக்கிரமே முடித்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தோம். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விட்டோம்.

படுத்தே கிடந்தால் நெஞ்சில் புண் வரும், எச்சம் ஒட்டி வயிற்றுத் தோல் வெந்துபோகும். அதனால் பழைய வேட்டித் துணியில் கால்களுக்கும் எச்சத்துக்கும் துளை வெட்டி, வாளி விளிம்பில் தூளி மாதிரி கட்டி, பகலில் சற்று நேரம் அதில் உட்கார வைத்தோம். கால் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அலகுக்கு நேரே தண்ணீர், ஊறவைத்த ராகி, அவித்த முட்டை, பொடித்த முட்டை ஓடு. காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப் பார்ப்பேன். வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம். உடனே தளர்த்த வேண்டும்.

மூன்று வாரம் போல ஆன பிறகு மருத்துவரே கட்டைப் பிரித்தார். உடனே கூட்டத்தில் விடவில்லை. நொண்டும் கோழியை மற்றவை கொத்திக் குதறிவிடும், நெடுநாள் காணாமல் போனதையும் புதியது போலத்தான் நடத்தும். முற்றத்தின் நடுவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் செவலையை வைத்தோம். மற்றவை சுற்றி மேயும், பார்க்கும், பழகும். முதலில் சாதுவான ஒரு கோழியை மட்டும் துணைக்கு விட்டு, பிறகுதான் எல்லாவற்றோடும் சேர்த்தோம்.

இப்போது காலைச் சற்றுச் சாய்த்து வைத்து நடக்கிறது, ஆனால் நன்றாக ஓடுகிறது. கூட்டில் அடையும் கம்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கீழே வைக்கோல் பரப்பியிருக்கிறோம். கேரட் பாத்தியின் வலையைத் தரையோடு இழுத்துக் கட்டியாயிற்று.