ஆள்காட்டி ஓய்ந்த பிறகு

பறவைக் குரல்களைப் பதிவு செய்வதற்காக, மே மாதத்தில் ஒரு மாலை மேலூர்ப் பக்கமுள்ள அரிட்டாபட்டிக்குப் போயிருந்தேன். 2022 நவம்பரில், மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர் அது. ஏறத்தாழ 250 பறவை வகைகள் உண்டென்பார்கள். பாறைகளில் வாழும் லகர் வல்லூறு அன்று என் கண்ணில் படவில்லை.

வற்றிய கண்மாய்க்குள் இறங்கிக் கருவியை இயக்கியதுமே ஆள்காட்டிக் குருவி கத்தத் தொடங்கிவிட்டது. கோடையில் அது கூடு கட்டாமல், வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருப்பதால், கால் வைக்கும் வரை தெரியாது. நான் அஞ்சிக் கரைக்கு ஏறிய பிறகும் அது தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

ஆடுகளை ஓட்டி வந்த பெரியவர் சிரித்தார். "நின்னுக்கிட்டே இருந்தா அது கத்திக்கிட்டேதான் இருக்கும் தம்பி, செத்த உக்காருங்க."

உட்கார்ந்தேன், சிறிது நேரத்தில் ஓய்ந்தது. வீட்டில் பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது: முதல் இருபது நிமிடமும் நான் பதிவு செய்திருந்தது ஊரின் மாலைப்பொழுதை அல்ல, நான் வந்த சேதியை.

அதற்குப் பிறகுள்ள பகுதியே கேட்கத் தக்கது. மயில் ஒன்று அகவ, பாறை அதை ஒரு நொடி தாமதித்துத் திருப்பித் தருகிறது. கவுதாரிகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்து அடங்குகின்றன. தலைக்கு மேல் வௌவால்கள் பறந்துகொண்டிருந்தும் பதிவில் அவை இல்லை. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதியும் என் கருவி அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரையே பிடிக்கும், பூச்சி தின்னும் வௌவால்களின் ஒலியோ பெரும்பாலும் அதற்கும் மேலே.

இருட்டியதும் பக்கி என்னும் இரவுப் பறவை கூப்பிடத் தொடங்கியது. சிமெண்டுத் தரையில் நழுவவிட்ட கோலிக்குண்டு குதித்துக் குதித்து, இடைவெளி குறைந்து, கடைசியில் உருண்டு நிற்பதைப் போன்ற ஒலி அது. காய்ந்த சருகின் நிறத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் இப்பறவையைப் பகலில் பத்தடி தொலைவிலும் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே காதால் அறிமுகமாவதுதான் வழி. ஏழு முறை கூப்பிட்டது. எட்டாவதற்காகக் காத்திருக்கையில், கண்மாயின் மறுகரையில் ஆள்காட்டி கத்துகிறது. யாரோ குறுக்கே நடந்து வந்திருக்க வேண்டும்.