திங்கட்கிழமைக் கத்திரிக்காய்

பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் இருந்து வாட்ஸாப்பில் ஓர் உத்தரவு வந்தது. ஒன்று, இரண்டு என்று ஒப்பிக்க வைக்காதீர்கள், படக்கதை காட்டி எண்ணச் சொல்லுங்கள், கணக்கு தன்னால் வரும். சரி என்று, தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வாங்கி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த எரிக் கார்லின் பசித்த புழுவை எழுப்பினேன். 1969-ல் வந்த புத்தகம். திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நாலு ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமை கேக்கில் இருந்து ஊறுகாய் வரை பத்து ஐட்டம். ராத்திரி வயிற்றுவலி. "ஓமத்தண்ணி குடுத்திருக்கலாம்" என்றார் அப்பத்தா.

புழு போன வழியெல்லாம் தாளில் நிஜ ஓட்டை இருக்கும். பாப்பா ஒவ்வொன்றிலும் விரலை விட்டு எண்ணினாள். ஒரு ஓட்டைக்கு ஒரு எண், தாண்டவும் கூடாது, இரண்டு தடவை சொல்லவும் கூடாது. அதுவே பெரிய வித்தைதான். ஐந்து ஆரஞ்சும் முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடி முதலில் இருந்து எண்ணினாள். "அதான், எத்தனை?" மறுபடி ஒன்று, இரண்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபடக் கொஞ்ச நாளாகுமாம். மளிகை பில்லைப் பார்க்கும்போது பாப்பாவின் அப்பாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணுன்னு ஆரம்பிக்காத தாயி, லாபம்னு ஆரம்பி." களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்த வீட்டு மனுஷி. விளைவு, இப்போது பாப்பா மாடிப்படி ஏறுவதுகூட லாபம், ரெண்டு, மூணுதான்.

இந்த நேரம் பார்த்து பேங்க்கில் இருந்து வந்தார் இவர். சனிக்கிழமை வரை மொத்தம் 25 என்று நான் கூட்டி வைத்திருந்தேன். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். புழு ஆப்பிளை முழுசாகத் தின்னவில்லை, ஓட்டைதான் போட்டது. சனிக்கிழமை தர்பூசணியும் ஒரு துண்டுதான். துண்டையும் முழுசையும் எப்படிக் கூட்டுவாய்? ஆடிட்டர் வந்தால் என்ன பதில் சொல்வாய்? புழுவுக்கு எந்த ஆடிட்டர் வருவார் என்று நான் கேட்க, பேச்சு எங்கெங்கோ போய் என் தம்பி கல்யாணச் செலவில் வந்து நின்றது. பாப்பா தூங்கியே போனாள். கடைசியில் அப்பத்தாதான் வெற்றிலையை மென்றபடி தீர்ப்புச் சொன்னார்: "புழு ஓட்டை போட்டா முழுப் பழமும் போச்சு. அதை எவன் காசு குடுத்து வாங்குவான்? முழுசுன்னே எழுது."

தூங்கியவள் அதை மட்டும் கேட்டிருக்கிறாள்.

காலையில் காய்க்காரண்ணன் வண்டி வந்தது. எதிர்வீட்டு அக்கா கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாப்பா வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தாள். காம்புக்குக் கீழே ஒரு ஓட்டை. "திங்கக்கிழமை" என்று தனியாக வைத்தாள். இன்னொன்றில் இரண்டு. "செவ்வாய்க்கிழமை." அண்ணனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை கிழமை படிக்கிறது என்று சிரித்தார். கைக்கு அடங்காத ஒரு குண்டுக் காயைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, சனிக்கிழமை!" என்று பாப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தியதும் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எடை போட்டு வாங்கிய ஒரு கிலோவை அப்படியே வண்டியில் கொட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேரும் வெண்டைக்காய்ப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

"மழைக்கு அப்பிடித்தாம்மா இருக்கும், வெட்டிட்டுப் போடுறதுதான்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து. பாப்பாவைப் பார்க்கவே இல்லை.

என் பையில் விழுந்த அரைக் கிலோவைக் கொட்டிப் பார்த்தால் திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாக இருக்கிறது. கொசுறுக் கறிவேப்பிலையும் தரவில்லை.