தபால்காரர் பூங்காவில் தபாலைக் காணோம்

தபால் துறையில் கடிதங்களைப் பிரித்தடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். லண்டனில் மகன் வீட்டில் இருந்தபோது வரைபடத்தில் 'போஸ்ட்மேன்ஸ் பார்க்' என்ற பெயர் கண்ணில் பட்டது. விடுவேனா? மருமகளையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். செயின்ட் பால்ஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து பொடிநடைதான்.

செயின்ட் போட்டால்ஃப் தேவாலயத்தின் பழைய இடுகாடு 1880-இல் பூங்காவானது. பக்கத்திலிருந்த தலைமைத் தபால் நிலையத்து ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் இங்கே வந்து உட்காருவார்களாம். பெயர் அப்படி வந்தது. இன்று மடியில் சாண்ட்விச்சோடு கம்பெனி உத்தியோகஸ்தர்கள்தான். தெருவைவிடத் தரை உயர்ந்திருக்கிறதே என்றேன். "புதைக்க இடமில்லாமல் சடலங்களின் மேல் மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்ததாம், மாமா" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள் மருமகள். அதற்குப் பிறகு அவள் உட்காரவே இல்லை.

ஓட்டுக்கூரை போட்ட ஒரு தாழ்வாரம் இருக்கிறது. பிறரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட சாமானியர்களுக்காக ஜி.எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் எழுப்பியது, திறப்பு 1900-இல். சுவரில் வரிசையாகப் பீங்கான் பலகைகள். ஆலிஸ் ஏயர்ஸ், சிற்றாள் ஒருவரின் மகள்: 1885-இல் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தாள். சாரா ஸ்மித், மேடைக் கலைஞர்: சட்டெனத் தீப்பற்றும் நாடக உடையோடு, தோழி மேல் பற்றிய நெருப்பை அணைக்க ஓடினாள். சாலமன் கலமன், வயது 11: 1901-இல் தம்பி வண்டியில் அடிபடாமல் காத்தவன். "அம்மா, அவனைக் காப்பாற்றிவிட்டேன், என்னைத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை" என்ற அவன் பேச்சையே பொறித்திருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் செங்கம் பக்கத்து நடுகற்களும் இதே கணக்குதான். இன்னான் மகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் (மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டான்), அவ்வளவே சேதி. மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்துச் சலிக்காத லண்டனில், சிற்றாள் மகளுக்கு ஒரு பலகை கிடைக்க ஓர் ஓவியர் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. 1887-இலேயே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர் அவர். யாரும் அசையாததால் தாமே செய்தார்.

120 பலகைகளுக்குத் திட்டமிட்ட சுவரில் 54தான் இருக்கின்றன. கடைசியாக வைத்தது 2009-இல், கால்வாயில் மூழ்கவிருந்த சிறுவனைக் காப்பாற்றி இறந்த ஓர் இளைஞருக்கு. போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையைத் தவிர்த்துவிடுங்கள். பெஞ்சுகள் பலகைகளுக்கு நேர்கீழே. சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே எட்டிப் படிக்க என் உயரம் போதவில்லை.