ஹார்ட் டிஸ்க் சாகல, நாந்தான் கொல்லப் பாத்தேன்

நம்ம கடை செங்கோட்டைல, டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் கார்டு எல்லாம் பண்ணுவோம். எல்லையோரம்கிறதால பாதி பத்திரிகை ரெண்டு மொழில வரும், மாப்ள வீடு இந்தப் பக்கம் பொண்ணு வீடு புனலூருன்னா ஒரு பக்கம் தமிழு மறுபக்கம் மலையாளம். 1956 வரைக்கும் இந்த ஊரே திருவிதாங்கூரோட இருந்த ஊருதானே, சொந்தபந்தம் எல்லாம் மலைக்கு ரெண்டு பக்கமும் கெடக்கு. எங்க அக்காவையே புனலூர்லதான் கட்டிக் கொடுத்திருக்கு, அவ மகதான் இந்தக் கதைல என்னைக் காப்பாத்துனவ.

சிஸ்டம் என்னன்னா ஒரு பழைய டெஸ்க்டாப், 240 ஜிபி எஸ்எஸ்டில (அதுவும் ஒரு டிஸ்க்குதான்) உபுண்டு 22.04, அதாவது விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ், கூட ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கு, அதுலதான் ஒன்பது வருஷ வேலை மொத்தமும். பேக்கப் இருக்கான்னு மட்டும் கேட்றாதீங்க.

2024 ஆடி கடைசி. சாரல் சீசன், ஆரியங்காவு கணவாய் வழியா காத்து பிச்சிக்கிட்டு வரும், எங்கயாவது மரக்கெளை லைன்மேல விழும், கரண்டு போகும், இது எங்களுக்குப் பழகுனதுதான். அன்னைக்கு சாயங்காலம் அப்டேட் வந்துருக்குன்னு காட்டுச்சு, சரி டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்னு கமாண்டு அடிக்கிற டெர்மினல்ல ஆப்ட் அப்கிரேடுன்னு அப்டேட் கமாண்டு போட்டுட்டுப் போனேன். கெர்னலு, அதான் சிஸ்டத்தோட மூல எஞ்சினு, 6.5லேர்ந்து 6.8க்குப் போற அப்டேட்டு. டீக்கடைல நிக்கும்போதே தெருவே இருட்டு. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம் ஆச்சு, அது பீப்னு ஒரு சத்தம் போட்டுட்டு படுத்துரும், அவ்வளவுதான் அதோட சேவை.

மறுநாள் காலைல ஆன் பண்ணா நல்லா வந்துச்சு. அதுதான் என்னை ஏமாத்துனதே. பழைய கெர்னல்லதான் ஏறியிருக்குன்னு நான் பாக்கவே இல்ல. வந்ததும் சும்மா இருந்திருக்கலாம்ல, ஆன் பண்ணுனதும் எந்தக் கெர்னல்ல ஏறணும்னு கேக்கிற கிரப் மெனு பத்து செகண்டு நிக்குதே அதை மூணாக் கொறைப்போம்னு வேலையத்த வேலை ஒண்ணு பண்ணுனேன், செட்டிங் ஃபைல்ல நம்பரை மாத்திட்டு அப்டேட் கிரப் கமாண்டு போட்டேன், ரீஸ்டார்ட்டு.

கருப்பு ஸ்கிரீன். வரிவரியா ஓடி நின்னுச்சு. கெர்னல் பேனிக், அதாவது கெர்னலு மேல போக முடியாம கைவிரிச்சிருச்சு, ரூட் ஃபைல்சிஸ்டத்தை (டிஸ்க்குல சிஸ்டம் இருக்கிற பகுதியை) மவுண்ட் பண்ண, அதான் தொறந்து சேத்துக்க முடியல, அன்நோன் பிளாக் பிராக்கெட்டுக்குள்ள 0,0. அதுக்கு மேல ஒரு வரி, கெடைக்கிற பார்ட்டிஷன் (டிஸ்க்குப் பகுதி) எல்லாம் இதோன்னு, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. எஸ்எஸ்டியும் இல்ல, 2 டிபியும் இல்ல. பந்தி போட்டு எலையும் விரிச்சி சோத்தை மட்டும் காணோம்கிற மாதிரி இருந்துச்சு. நேத்து கரண்டு போய் வந்ததுல ரெண்டு டிஸ்க்கும் அடிவாங்கிருச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்.

அந்த நேரம் பாத்து புனலூர் பார்ட்டி போன். ஓணத்துக்கு முன்னாடி கல்யாணம், ஐந்நூறு கார்டு. "மோனே, கார்டு எந்தாயி?" கார்டு என்னாச்சுன்னு கேக்காங்க. நான் "நாளைக்கு, நாளைக்கு"ங்கறேன், கை நடுங்குது.

சிபியூவைத் தூக்கிக்கிட்டு தென்காசிக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனா லினக்ஸ்னா அவருக்கு ஆகாது. ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி ஒண்ணொண்ணா யூஎஸ்பில மாட்டி அவரோட விண்டோஸ்ல பாத்தாரு. 2 டிபியை மாட்டுனதும் ஒரு பெட்டி வந்துச்சு, இந்த டிஸ்க்கை யூஸ் பண்ணணும்னா ஃபார்மேட் பண்ணணும், பண்ணவான்னு. அவரு மவுஸைக் கொண்டுபோய் அந்தப் பட்டன்மேல வெச்சாரு பாருங்க, எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னே போச்சு.

"அண்ணாச்சி, டிஸ்க்கு கரப்ட்டு. ரெக்கவரிக்கு மதுரைக்கு அனுப்பணும், பன்னெண்டாயிரம் கிட்ட ஆகும். டேட்டா வேண்டாம்னா இப்பமே ஃபார்மேட் அடிச்சித் தாரேன்."

வேண்டாம் சாமின்னு மறுபடி மாட்டச் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். விண்டோஸுக்கு லினக்ஸ் டிஸ்க்குல இருக்கிற எக்ஸ்ட் 4 முறையைப் படிக்கத் தெரியாது, தெரியாததை எல்லாம் ஃபார்மேட் பண்ணச் சொல்றது அதோட பழக்கம், இது எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா பயத்துல மூளை வேலை செய்யணுமே. அவரு திருப்பி மாட்டும்போது கேபிள் ரெண்டையும் எடம் மாத்திக் குத்திட்டாரு. அது அப்ப எனக்குத் தெரியாது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்புனேன், அவ போனை மககிட்ட கொடுத்துட்டா. கேரளா கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல எல்லாம் பசங்களுக்கு லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் பாடம், ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சது இப்ப கைட்டுன்னு இருக்கு. இவ லிட்டில் கைட்ஸ்ங்கிற அவங்க பள்ளிக்கூட ஐடி கிளப்புல வேற இருந்தவ. இந்தப் பக்கம் நான் பத்து வருஷம் உபுண்டு வெச்சிருக்கேன்னு பெருமையடிச்சிக்கிட்டுத் திரியுறேன், அவ எட்டாங்கிளாஸ்லேர்ந்து அதுலேயே கெடந்து வளந்திருக்கா.

வீடியோ கால்ல மொத கேள்வியே, "மாமா, பயோஸ்ல டிஸ்க் ரெண்டும் காட்டுதா?"

பயோஸ்ங்கிறது சிஸ்டம் ஏறுறதுக்கு முன்னாடி தொறக்கிற செட்டிங் ஸ்கிரீனு, அது வரைக்கும் அதை நான் பாக்கல. போய்ப் பாத்தேன். ரெண்டு பேரும் ஜம்முனு உக்காந்திருக்கு, மாடல் நம்பரோட.

"அப்போ குழப்பமில்ல மாமா."

"ஏட்டி, எனக்கு முழுக்கக் குழப்பம்தான்!"

அவ மலையாளத்துல சொல்லுதா, பிரச்சினை இல்லன்னு. சிரிச்சிக்கிட்டே அடுத்து, கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்குள்ள போய் 6.5ஐ எடுங்கன்னா. அந்த மெனு இப்ப மூணு செகண்டுதான் நிக்கும், என் புண்ணியத்துல. ரெண்டு தடவ கோட்டை விட்டு மூணாவது தடவ பிடிச்சேன்.

பேனிக் வரல, பூட்டாகி ஓடுச்சு, நான் கைதட்டப் போறேன், டக்குனு எமர்ஜென்சி மோடுன்னு நின்னுருச்சு. டேட்டா டிஸ்க்கை மவுண்ட் பண்ண முடியலையாம், லாக்ல பாத்தா ராங் ஃபைல்சிஸ்டம் டைப், பேட் சூப்பர்பிளாக்னு என்னமோ. பேட் சூப்பர்பிளாக்னதும் எனக்கு மதுரை, பன்னெண்டாயிரம் எல்லாம் மறுபடி கண்ணு முன்னால வந்துச்சு.

அவ கொஞ்சங்கூட அசரல. "எல்எஸ்பிஎல்கேன்னு அடிச்சி என்ட்டர் தட்டி சைஸைப் படிங்க." டிஸ்க்கு லிஸ்ட்டு வந்துச்சு, படிச்சேன். எஸ்டிஏ 1.8 டி, அது 2 டிபி டிஸ்க்கு. எஸ்டிபி 223 ஜி, அது எஸ்எஸ்டி. நான் படிச்சிட்டு சும்மா இருக்கேன், அவ, "மாமா, மொதல்ல எது எஸ்டிஏவா இருந்துச்சு?"

எஸ்எஸ்டிதான். அப்பத்தான் பல்ப் எரிஞ்சுது. எந்த டிஸ்க்கை எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல அந்தக் காலத்துல நான் டேட்டா டிஸ்க்கை எஸ்டிபி1னு பேர் போட்டு எழுதி வெச்சிருந்தேன். அந்தப் பேரு டிஸ்க்கோடது இல்ல, கெர்னலு கண்டுபிடிக்கிற வரிசைல கொடுக்கிற டோக்கன் நம்பர் மாதிரி. கேபிள் எடம் மாறுனதும் எஸ்டிபி1ங்கிற பேரு எஸ்எஸ்டியோட மொத பார்ட்டிஷனுக்குப் போயிருச்சு, அதைப் போயி எக்ஸ்ட் 4ன்னு மவுண்ட் பண்ணப் பாத்தா அது வேற என்ன சொல்லும். உபுண்டு ரூட்டு யூயூஐடில, அதாவது எடம் மாறுனாலும் மாறாத பார்ட்டிஷன் நம்பர்ல எழுதியிருந்ததால தப்பிச்சுது. பிஎல்கேஐடி கமாண்டுல டேட்டா டிஸ்க்கோட அந்த நீள நம்பரைப் பாத்து நேனோ எடிட்டர்ல ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன், எமர்ஜென்சி மோடுல மவுஸும் இல்ல காப்பி பேஸ்ட்டும் இல்ல, அவ அங்கேர்ந்து ரெண்டு தடவ வாசிச்சிச் சரிபாத்தா. கடைசில நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேக்கச் சொன்னா, அது இருந்தா டேட்டா டிஸ்க்கு வராட்டியும் சிஸ்டம் எமர்ஜென்சில நிக்காம மேல ஏறிரும்.

ரீபூட், 6.5. டெஸ்க்டாப் வந்துருச்சு. 2 டிபி ஃபோல்டரைத் தொறந்தா 2015லேர்ந்து எல்லாப் பத்திரிகையும் இருக்கு. சந்தேகத்துக்கு டிஸ்க்கோட உடம்பைச் சோதிக்கிற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டு போட்டும் பாத்தோம், ரீஅலோகேட்டடு செக்டர் 0, பெண்டிங் 0, கெட்டுப்போன எடம் எதுவும் காட்டல. மொத வேலையா புனலூர் கார்டு ஃபைலைப் பென்டிரைவ்ல ஏத்திட்டுத்தான் மூச்சு விட்டேன்.

இனி 6.8. ஏன் அதுல மட்டும் டிஸ்க்கே தெரியல? அவ /பூட் ஃபோல்டரைப் பாக்கச் சொன்னா. 6.5க்கு விஎம்லினஸ் (கெர்னல் ஃபைலு) ஒண்ணு, இனிட்ஆர்டி (கெர்னலுக்குத் துணைப் பொட்டலம்) ஒண்ணுன்னு ஜோடியா இருக்கு. 6.8க்கு விஎம்லினஸ் மட்டும் இருக்கு, இனிட்ஆர்டி இருக்க வேண்டிய எடத்துல பேருக்குப் பின்னால நியூன்னு ஒட்டிக்கிட்டு ஒரு அரைகுறை ஃபைலு. உபுண்டு கெர்னலுக்கு சாட்டா டிஸ்க்கைப் பாக்கிற ஏஎச்சிஐ டிரைவரு உள்ளயே கெடையாது, தனி மாட்யூலு. அது டிஸ்க்குல இருக்கு. டிஸ்க்கைத் தொறக்கிற சாவி டிஸ்க்குக்குள்ளயே இருக்கிற கத, அதனாலதான் அந்தச் சாவி எல்லாம் ஒரு சின்னப் பொட்டலமா இனிட்ஆர்டில கட்டி வெச்சிருப்பாங்க, கிரப்பு ரெண்டையும் சேத்து மெமரில ஏத்தும். எனக்கு கெர்னலு ஏறுச்சு, பொட்டலம் இல்ல. டிஸ்க்கு பக்கத்துலேயே இருந்தும் அதுக்குக் கண்ணு தெரியல.

கரண்டு போனதாலதான்னு நெனச்சேன், அது பாதிதான் உண்மை. பாதில நின்ன இன்ஸ்டாலை முடிக்க டிபிகேஜி கமாண்டு போட்டா, நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்னு வந்துச்சு. /பூட்டுக்குத் தனியா 500 எம்பி பார்ட்டிஷன் போட்ட மகராசன் நாந்தான், இன்ஸ்டால் பண்ணுன அன்னைக்கு. ஒவ்வொரு இனிட்ஆர்டியும் 100 எம்பிக்கு மேல, 5.15, 6.2, 6.5ன்னு மூணு கெர்னலு ஏற்கனவே சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, நாலாவதுக்கு எடம் எங்க? கரண்டு போகாம இருந்தாலும் அது பாதிலதான் நின்னுருக்கும். எரர் ஸ்கிரீன்ல வந்திருக்கும், நான் டீக்கடைல இருந்தேன்.

அதுக்கப்புறமும் பழைய கெர்னல்ல நிம்மதியா ஓடியிருக்கும், அந்த அரைகுறை 6.8ஐ மெனுவுல மேல ஏத்தி வெச்சது நான் போட்ட அப்டேட் கிரப்புதான். அது /பூட்ல விஎம்லினஸ் இருந்தா போதும், எடுத்து லிஸ்ட்ல சேத்துரும், புது நம்பரு மேல வந்துரும். அன்னைக்கு டெர்மினல்ல 6.8க்கு லினக்ஸ் இமேஜ் கெடைச்சுதுன்னு ஒரு வரி மட்டும் வந்திருக்கும், கீழ இனிட்ஆர்டி இமேஜ் கெடைச்சுதுன்னு வர வேண்டிய வரி இருந்திருக்காது. யாரு பாத்தா.

சரி செய்யறதும் நேரா நடக்கல. பழைய கெர்னலைத் தூக்க ஆட்டோரிமூவ் போட்டா, மொதல்ல பாதில நிக்கிறதை முடிக்கப் பாக்குது, முடிக்க எடமில்ல, எடம் பண்ண அது முடியணும், இப்படியே சுத்துது. அந்த நியூ ஃபைலை மட்டும் கையால அழிச்சோம், அது போனதும் கொஞ்சம் எடம். அப்புறம் 5.15ஐப் பர்ஜ் பண்ணி மொத்தமா தூக்குனோம். யூநேம் ஆர் போட்டு இப்ப எதுல இருக்கோம்னு ரெண்டு தடவ பாக்க வெச்சா, ஓடுற கெர்னலையே அழிச்சிட்டா கிளை நுனில உக்காந்து அடிய வெட்டுன கததான். அதுக்கப்புறம் டிபிகேஜி போட்டா, ஜெனரேட்டிங் /பூட் இனிட்ஆர்டி 6.8ன்னு ஒரு வரி வந்து நின்னுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். வெளிய காத்து ஊளையிடுது, நான் டியூப் லைட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன், கரண்டு போயிராதே தாயேன்னு. போகல. அப்டேட் கிரப் போட்டதும் இந்தத் தடவ ரெண்டு வரியும் வந்துச்சு.

6.8ல ஏறி ரெண்டு டிஸ்க்கும் தெரியறதை அவளுக்குக் காட்டும்போது மணி ஒண்ணே கால். ஃபீஸ் என்னம்மான்னு கேட்டேன், அடுத்த தடவ வரும்போது பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும்னா, அம்மாவுக்கும் சேத்து. சரின்னேன். கிரப் மெனுவை மறுபடி பத்து செகண்டு ஆக்கிட்டேன். யூபிஎஸ் பேட்டரி இன்னும் மாத்தல, புனலூர் பார்ட்டி பாக்கி ரூவா தந்ததும் பாக்கணும்.